ஓடும் கணினியில் நினைவகம்: லினக்ஸ் கர்னல் வந்த வழி

கணினியை நிறுத்தாமலே நினைவகத்தைக் கூட்டும் வசதி, 2006 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.15 கர்னலில் வந்தது. குறைக்கும் வசதி 2008 ஜனவரியில், 2.6.24 பதிப்பில்தான் வந்தது. இந்த இரண்டாண்டு இடைவெளி தற்செயலானதல்ல. கூட்டுவதற்குக் கணக்கை விரித்தால் போதும். குறைப்பதற்கோ, நினைவகத்தின் எந்தப் பக்கத்தை (சிறு அலகை) எங்கே வைப்பது என்ற பழக்கத்தையே கர்னல் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இதில் லினக்ஸ் முன்னோடி அல்ல. சன் நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் 10000 சர்வர்களில் சோலாரிஸ் ஓடும்போதே நினைவகப் பலகைகளைக் கழற்ற முடிந்தது. 2002இல் ஏஐஎக்ஸ் 5.2, பவர்4 இயந்திரத்தின் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு நினைவகத்தை மாற்றிக் கொடுத்தது. விஎம்வேரின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் ‘பலூன்’ முறையை விளக்கியதும் அதே ஆண்டில்தான். மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் ஓர் இயக்கி பக்கங்களைக் கேட்டு வாங்கி, அவற்றை வெளியிலுள்ள மேலாளரிடம் ஒப்படைக்கும். அருமையான உத்திதான். ஆனால் கர்னலின் நினைவக அமைப்பு அப்படியே இருக்கும் என்பதால், இதை நீக்கம் என்று நான் கருதமாட்டேன்.

லினக்ஸில் முதல் தடை, நினைவகம் முழுவதையும் ஒரே நீள அட்டவணையில் பதிந்துவைத்த வழக்கம். 2005இல் ‘ஸ்பார்ஸ்மெம்’ அதைத் துண்டுகளாக்கியது. சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறையும் செலுத்தும் அறையும் இடைவெளி விட்டுத் தனித்தனியே நிற்பதுபோல, ஒவ்வொரு துண்டும் தன் கணக்கோடு தனித்து நின்றது. எக்ஸ்86-64 கணினியில் ஒரு துண்டு 128 எம்பி. அதாவது 4 கேபி அளவுள்ள 32,768 பக்கங்கள். பக்கத்துக்கு 64 பைட் குறிப்பு என்றால், துண்டுக்கு 2 எம்பி. புது நினைவகத்தைச் சேர்க்கவே பழைய நினைவகத்தில் இடம் தேட வேண்டிய இந்தச் சிக்கலுக்கு 2021இல், 5.13 பதிப்பில்தான் வழி பிறந்தது: குறிப்புகளைப் புதிய நினைவகத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

நீக்கமே கடினம். பயனர் நிரலின் பக்கத்தை வேறிடத்துக்கு நகலெடுத்து, பக்க அட்டவணையைத் திருத்தினால் நிரலுக்கு எதுவும் தெரியாது. கர்னலின் சொந்தத் தரவுகள் பெரும்பாலும் அப்படி நகராதவை. அவற்றின் மெய்நிகர் முகவரி பௌதிக முகவரியோடு நிலையாகப் பிணைந்திருக்கிறது. நகராத ஒரே ஒரு பக்கம் கிடந்தாலும் 128 எம்பியையும் விடுவிக்க முடியாது. எனவே பக்கத்தை ஒதுக்கும்போதே பிரித்துவைக்க வேண்டும். கர்னல் நிரலாளர் மெல் கோர்மன் உருவாக்கிய ‘நகர்த்தத்தக்க மண்டலம்’ 2007 அக்டோபரில், 2.6.23 பதிப்பில் இதைச் செய்தது. இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுதான் என்பேன். புஜித்சுவின் காமெசாவா ஹிரோயுகி எழுதிய நீக்கும் நிரல் அடுத்த பதிப்பிலேயே சேர்ந்தது. இதற்கும் விலை உண்டு: அந்த மண்டலத்தை அளவுக்கு மீறி விரித்தால், நினைவகம் காலியாகக் கிடந்தும் கர்னல் தன் தேவைக்குத் திண்டாடும்.

ஆர்ம் 64-பிட் கட்டமைப்பிலும் இதே வரிசைதான். சேர்க்கும் வசதி 2019இல் வெளியான 5.0இல் வந்தது, நீக்கும் வசதி 2020இல், 5.7இல் வந்தது. நீக்கும் நிரலை எழுதியவர் ஆர்ம் நிறுவனத்தின் இந்தியப் பொறியாளர் அன்ஷுமான் கண்டுவால். ஆனால் அங்கே கணினி தொடங்கும்போது இருந்த நினைவகத்தை நீக்கக் கர்னல் அனுமதிக்காது. பிறகு சேர்த்ததை மட்டுமே எடுக்கலாம்.

இதைக் கண்ணால் பார்க்க விலையுயர்ந்த சர்வர் தேவையில்லை. சாதாரண ஆய்வகக் கணினியிலேயே க்யூஈமு மெய்நிகர் கணினியை ஓடவிட்டு, நினைவகத்தைச் செருகவும் உருவவும் முடியும். விருதுநகர் மாவட்டப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் இதை இயக்க முறைமைப் பாடத்தின் செய்முறைப் பயிற்சியாக வைக்க வேண்டும்.