தோட்டப்பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை: ஜொகூர்த் தமிழ் மாணவரும் பிரத்தியேக வகுப்பு இயக்கமும்

மலேசியத் தமிழ்க் கல்வி வரலாறு பெரும்பாலும் பள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. அவற்றுள் சுமார் 70 ஜொகூர் மாநிலத்தில் உள்ளன. ஆயின், அப்பள்ளிகளில் பயின்ற ஆற்றல்மிக்க மாணவர் பின்னர் எங்குச் சென்றனர் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாவையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தது. சிகாமட், குளுவாங், கூலாய் போன்ற ஜொகூர் வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. அவை ஆரம்பக் கல்வியோடு நின்றன. தொழிலாளரைத் தோட்டத்தில் நிலைநிறுத்த உதவிய அவை, பிள்ளைகளை உயர்கல்விக்கு ஆயத்தப்படுத்தும் நோக்கில் அமைக்கப்பட்டவை அல்ல.

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின்னர், தமிழ்ப்பள்ளி மாணவர் இடைநிலைப்பள்ளிக்குள் நுழையுமுன் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் பயில வேண்டியிருந்தது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. 1982இல் தீபகற்பத்தில் அம்மாற்றம் நிறைவுற்றது. பயிற்றுமொழி மாற்றம், பள்ளித் தொலைவு, படிப்பில் உதவ வீட்டில் எவருமின்மை ஆகிய மூன்றும் ஒருசேர அழுத்திய அந்த இடைவழியிலேயே பலர் பின்தங்கினர் என்பது எமது கருத்து.

அதே 1982இல், மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தோற்றுவித்தார். பிரத்தியேக வகுப்புகளை நடத்திய அந்நிலையம் நாடெங்கும் பரவி ஜொகூரிலும் இயங்கியது. பல்கலைக்கழக மாணவர் அங்குப் பாடம் கற்பித்தனர். பத்துமலைக்கு ஆண்டுதோறும் மேற்கொள்ளப்பட்ட 'கல்வி யாத்திரை' பெற்றோரையும் ஈர்த்தது. இங்கு நோக்கத்தக்கது, கூடுதல் பாடவேளை மட்டுமன்று. தன்னைப் போன்ற குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற ஒருவரை மாணவன் எதிரே கண்டான். அவர் சென்ற வழி தனக்கும் உண்டென்று நம்பினான். வழிகாட்டல் என்பதன் பொருள் இதுவே.

இன்று ஜொகூரின் தோட்டமக்களுட் பெரும்பகுதியினர் பாசிர் கூடாங், ஸ்கூடாய் போன்ற நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். விடியுமுன்னே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர் இருளிலேயே வீடு திரும்புகின்றனர். தோட்டம் அகன்றது, படிப்பில் துணைநிற்க ஆளில்லாத மாலைவேளை அகலவில்லை.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் படிவம் 3 மாணவருக்கான பி.டி. 3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. தேர்வுச்சுமை குறைந்தது நன்றே. ஆயினும், வசதி குறைந்த பள்ளியின் மாணவனைப் பிறர் கண்டுகொள்ள உதவிய பொது அளவுகோலும் அவற்றோடு மறைந்தது. இனி அவனை இனங்காணும் பொறுப்பு ஆசிரியரையும் வழிகாட்டிகளையுமே சாரும். தேர்வுப் பட்டியலை எதிர்நோக்காது, பல்கலைக்கழக மாணவர் பள்ளியைத் தேடிச் செல்லும் வழக்கம் மீண்டும் வலுப்பெற வேண்டும். இல்லையேல், முந்தைய தலைமுறை இழந்த அதே இடைவழியில் இத்தலைமுறையும் தன் ஆற்றலாளரை இழக்க நேரிடும்.