அனாதை ரயில்கள்

1854-ம் ஆண்டு அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டொவாஜாக் என்று ஒரு சின்ன ஊர். விடியும் முன்பே அந்த ஊர் ரயில் நிலையத்தில் சுமார் 45 குழந்தைகள் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் 10 முதல் 12 வயதுக்குள் இருக்கும். நியூயார்க்கில் இருந்து படகு, ரயில், மறுபடி படகு, மறுபடி ரயில் என்று நாள்கணக்கில் பயணம் செய்து வந்தவர்கள். மிச்சமிருந்த இரவை ஸ்டேஷனிலேயே படுத்துக் கழித்தார்கள். காலையில் அவர்களை அழைத்து வந்த ஸ்மித் என்பவர் ஊர் தேவாலயத்துக்குக் கூட்டிப் போனார். ஆராதனைக்கு வந்திருந்த ஜனங்களிடம், "இந்தப் பிள்ளைகளுக்கு வீடு வேண்டும். யார் சேர்த்துக்கொள்கிறீர்கள்?" என்கிற விதமாக எடுத்துச் சொன்னார். அடுத்த சனிக்கிழமைக்குள் 37 பேர் அந்தச் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் சிகாகோ வழியாக அயோவாவுக்கு ரயிலேறினார்கள்.

பிற்காலத்தில் "அனாதை ரயில்கள்" என்று பெயர் பெற்ற வரலாற்றின் முதல் பயணம் இதுதான். 1854-ல் தொடங்கி 1929 வரை 75 ஆண்டுகள் இது நடந்தது. சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் இப்படி அனுப்பப்பட்டார்கள். இரண்டு லட்சம்! ஆனாலும் அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களிலேயே இதற்கு நீண்ட காலம் பெரிய இடம் கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணமானவர் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற இளம் போதகர். 1826-ல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு இறையியல் பயின்றவர். பிரசங்க மேடையை விட ஏழைகள் வாழும் தெருக்களே தன் இடம் என்று முடிவு செய்த ஆள். 1850-ல் ஐரோப்பாவுக்குப் பயணம் போனார். அங்கே ஹங்கேரியில் புரட்சிக்காரர்களுக்கு வேண்டியவர் என்று சந்தேகப்பட்டு அவரைச் சிறையிலேயே போட்டுவிட்டார்கள் (போதகருக்கு இது தேவைதானா என்று வீட்டில் கேட்டிருப்பார்கள்!). ஆனால் அந்தப் பயணத்தில் அவர் மனதில் தங்கியது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பார்த்த ஒரு காட்சி. விஷெர்ன் என்ற போதகர் 1833-ல் தொடங்கிய "ரௌஹெஸ் ஹவுஸ்" என்ற இல்லம் அது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளைப் பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்க வைக்கவில்லை. சின்னச் சின்ன வீடுகளில், ஒரு குடும்பம் போல, பெரியவர் ஒருவரின் பொறுப்பில் வளர்த்தார்கள்.

ஊர் திரும்பிய பிரேஸ் கண்ட நியூயார்க் வேறு மாதிரி இருந்தது. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம், ஜெர்மனியில் கலவரம். கப்பல் கப்பலாக ஏழைகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இருட்டு அறைகளில் பத்துப் பேர் பன்னிரண்டு பேர். 1849-ல் காலரா வேறு வந்து போனது. துறைமுகத்தில் வேலை செய்த அப்பா விபத்தில் செத்துப்போனால் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பேப்பர் விற்றும், தீக்குச்சி விற்றும், கரித்துண்டு பொறுக்கியும், திருடியும் தெருவிலேயே வளர்ந்தார்கள். பிடிபட்டால் பெரிய திருடர்களோடு சேர்த்தே சிறையில் அடைத்தார்கள்.

1853-ல் பிரேஸும் சில நண்பர்களும் சேர்ந்து சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டி (குழந்தைகள் உதவிச் சங்கம்) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பேப்பர் விற்கும் பையன்களுக்கு ஒரு தங்கும் விடுதி திறந்தார்கள். ஒரு படுக்கைக்கு ஆறு சென்ட். ஏன் இலவசமாகக் கொடுக்கவில்லை என்று தோன்றும். இலவசம் கொடுத்தால் பிச்சைக்காரப் புத்தி வந்துவிடும், காசு கொடுத்துத் தங்குகிறவன் தன்மானத்தோடு இருப்பான் என்பது பிரேஸின் கணக்கு. விடுதியில் ஒரு மேஜையில் எண் போட்ட துளைகள் வைத்து, ஒவ்வொரு பையனும் அவனவன் துளையில் காசு சேமிக்கவும் வழி செய்தார்கள்.

ஆனால் விடுதி நிரந்தரத் தீர்வு ஆகாது என்பதில் பிரேஸ் உறுதியாக இருந்தார். அந்தக் காலத்து அனாதை இல்லங்களை அவருக்குப் பிடிக்காது. மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடித்தால் ஜெபம் செய்யும் பிள்ளைக்கு வெளி உலகத்தில் வாழத் தெரியாது என்றார். பிள்ளைக்கு வேண்டியது குடும்பம். குடும்பங்கள் எங்கே இருக்கின்றன? மேற்கே, புதிதாக நிலம் திருத்தி விவசாயம் செய்யும் ஊர்களில். அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, வேலைக்குத்தான் ஆள் பஞ்சம். தேவபக்தியுள்ள ஒரு விவசாயி வீட்டில் ஒரு குழந்தைக்கு எப்போதும் இடம் இருக்கும் என்று அவர் மனதார நம்பினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1872-ல் அவர் எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயர் "நியூயார்க்கின் ஆபத்தான வர்க்கங்கள்". குழந்தைகள் மேல் அவருக்கு இருந்த இரக்கம் உண்மை. இந்தப் பிள்ளைகள் வளர்ந்தால் நகரத்துக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் அதே அளவு உண்மை. சங்கத்துக்குப் பணம் கொடுத்த பணக்காரர்களுக்கு எது பெரிதாகத் தெரிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

சரி, நடைமுறை எப்படி இருந்தது? ரயில் வருவதற்குச் சில நாள் முன்பே ஊரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஊரின் போதகர், டாக்டர், வங்கிக்காரர், கடைக்காரர், பத்திரிகை ஆசிரியர் மாதிரி ஆட்களை வைத்து ஒரு கமிட்டி. குழந்தை கேட்டு வருபவர் யோக்கியரா என்று அந்தக் கமிட்டிதான் சொல்ல வேண்டும். குழந்தைகளைக் குளிப்பாட்டி, புது உடுப்புப் போட்டு, தேவாலயத்திலோ நாடகக் கொட்டகையிலோ மேடையில் நிறுத்துவார்கள். சிலர் பாடுவார்கள், சிலர் ஒப்பிப்பார்கள். ஜனங்கள் வந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். கையை அழுத்திப் பார்த்தார்கள், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்கள் என்று அப்படி நின்றவர்கள் வயதான பிறகும் மறக்காமல் சொன்னார்கள். மாட்டுச் சந்தையில் என்ன செய்வார்களோ அதேதான். யாருக்கும் பிடிக்காத பிள்ளைகள் மறுபடி ரயில் ஏறி அடுத்த ஊர் மேடையில் நிற்க வேண்டும். அண்ணனை ஒரு வீடும் தங்கையை இன்னொரு வீடும் கூட்டிப் போவது சாதாரணம். மூன்று பேரைச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் வசதி எத்தனை பேருக்கு இருக்கும்?

நிபந்தனைகள் என்னவோ நல்லவைதான். சொந்தப் பிள்ளை போல நடத்த வேண்டும், சாப்பாடும் துணியும் படிப்பும் கொடுக்க வேண்டும், ஆலயத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய முறையில் பிள்ளையைப் பத்திரம் எழுதி ஒருவருக்கு வேலைக்குக் கட்டிப்போடுவார்கள். பிரேஸ் அதை ஏற்கவில்லை. பிடிக்காவிட்டால் பிள்ளை கிளம்பலாம், குடும்பமும் திருப்பி அனுப்பலாம் என்று வைத்தார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆயிரம் மைல் தள்ளி, யாரையும் தெரியாத ஊரில், பண்ணை வீட்டில் அடி வாங்கும் ஒன்பது வயதுப் பையன் கிளம்பி எங்கே போவான்? சங்கத்தின் ஆட்கள் விசாரிக்க வருவதும் கடிதம் போடுவதும் உண்டு. ஆனால் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில், ஆட்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்.

நன்றாக வாழ்ந்தவர்களும் நிறைய. 1859-ல் ஒரே ரயிலில் இண்டியானா மாநிலத்துக்குப் போன இரண்டு பையன்களின் கதையைச் சங்கம் பெருமையாகச் சொல்லும். ஒருவன் ஆண்ட்ரூ பர்க். உள்நாட்டுப் போரில் முரசு அடிக்கும் சிறுவனாகச் சேர்ந்தவன். 1891-ல் வட டகோட்டா மாநிலத்தின் ஆளுநர் ஆனான். இன்னொருவன் ஜான் பிராடி. டிப்டன் என்ற ஊரில் ஜான் கிரீன் என்ற நீதிபதி இவனைக் கூட்டிப் போனார். ஏன் இவனை எடுத்தீர்கள் என்றால், இருந்ததிலேயே தேறாத பையனாகத் தெரிந்தான், இப்படி ஒருவனை என்னவாக ஆக்க முடியும் என்று பார்க்க ஆசைப்பட்டேன் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார்! அந்தத் தேறாத பையன் யேலில் பட்டம் வாங்கி, போதகராகி, 1878-ல் அலாஸ்காவுக்கு மிஷனரியாகப் போனார். சிட்காவில் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர்களில் ஒருவர். 1897-ல் அலாஸ்காவின் ஆளுநரும் ஆனார்.

எதிர்ப்பு பல பக்கம் இருந்து வந்தது. மேற்கு மாநிலங்கள், உங்கள் ஊர்க் குற்றவாளிகளை எங்கள் தலையில் கட்டுகிறீர்களா என்றன. 1880-களில் மின்னசோட்டாவில் ஹேஸ்டிங்ஸ் ஹார்ட் என்பவர் நேரில் போய் விசாரித்தார். குற்றவாளிகள் என்ற புகாருக்குப் பெரிய ஆதாரம் இல்லை, ஆனால் சரியாக விசாரிக்காமல் அவசரமாகப் பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது உண்மை என்றார். சின்ன வயதில் போனவர்கள் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டார்கள், வளர்ந்த பையன்களில் பலர் ஒட்டவில்லை என்பதும் அவர் கண்டது.

கத்தோலிக்கர்களின் கோபம் வேறு. ஐரிஷ் பிள்ளைகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அவர்களைப் புராட்டஸ்டன்ட் பண்ணைகளுக்கு அனுப்பி மதத்தை மாற்றுகிறார்கள் என்றார்கள். 1869-ல் சிஸ்டர் ஐரின் என்ற கன்னியாஸ்திரீ நியூயார்க்கில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். வாசலில் ஒரு தொட்டில். பெற்றவள் பெயர் சொல்லாமல் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகலாம். அவர்களும் ரயிலில் அனுப்பினார்கள், ஆனால் மேடை கிடையாது. பங்குச் சாமியார்கள் மூலம் முன்பே குடும்பம் முடிவாகிவிடும். குழந்தையின் உடுப்பில் ஓர் எண், ஸ்டேஷனில் காத்திருக்கும் குடும்பத்தின் கையில் அதே எண்.

அதிலும் ஒரு விபரீதம் நடந்தது. 1904 அக்டோபரில் கன்னியாஸ்திரீகள் 40 குழந்தைகளை அரிசோனாவின் கிளிஃப்டன், மொரென்சி என்ற சுரங்க ஊர்களுக்குக் கொண்டு வந்தார்கள். பங்குச் சாமியார் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் நல்ல கத்தோலிக்கர்கள், ஆனால் மெக்சிகர்கள். வெள்ளைக் குழந்தைகள் மெக்சிகர் வீட்டிலா என்று ஊர் வெள்ளைக்காரர்கள் கொதித்தார்கள். அன்றிரவே துப்பாக்கியோடு வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பிடுங்கினார்கள். இல்லத்தார் வழக்குப் போட்டார்கள். அரிசோனா நீதிமன்றம் பிடுங்கியவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 1906-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. மெக்சிகத் தாய்மார்களைக் கேட்பார் யாருமில்லை.

இதையெல்லாம் விட மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அனாதை ரயில் என்கிறோம், ஆனால் அதில் போனவர்களில் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர்கள் பாதிக்கும் குறைவு என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. பலருக்கு அம்மா இருந்தாள். சிலருக்கு இருவருமே இருந்தார்கள். புருஷன் செத்துப்போன பெண், தையல் வேலையில் மூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற முடியாமல், நிலைமை சரியானதும் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று இல்லத்தில் விடுவாள். அவள் வருவதற்குள் பிள்ளை கான்சாஸில் இருக்கும். அவள் வறுமையையே அவள் தாயாக இருக்கத் தகுதியில்லாததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த ரயில் கட்டணத்தை அவளிடம் கொடுத்திருந்தால் என்ன என்று பிரேஸுக்குத் தோன்றவில்லை. உதவிப் பணம் ஜனங்களைக் கெடுக்கும் என்று நம்பியவர் அவர். ஆறு சென்ட் கணக்குதான் இங்கேயும்.

பிரேஸ் 1890-ல் இறந்தார். 1909-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஆதரவற்ற குழந்தைகளைப் பற்றி வெள்ளை மாளிகையில் ஒரு மாநாடு கூட்டினார். பெரிய இல்லங்களை விடக் குடும்பமே பிள்ளைக்கு நல்லது என்று மாநாடு ஒப்புக்கொண்டது. பிரேஸ் வாழ்நாளெல்லாம் சொன்னது அதுதான். ஆனால் அதே மாநாடு, ஏழ்மை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைப் பெற்றவளிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றும் சொன்னது. 1911-ல் இல்லினாய் மாநிலம் தாய்மார் உதவித்தொகைச் சட்டம் கொண்டு வந்தது. மற்ற மாநிலங்களும் வரிசையாகப் பின்தொடர்ந்தன. பிரேஸின் கொள்கையே அவருடைய ரயிலை நிறுத்தத் தொடங்கியது என்று சொல்லலாம். வெளி மாநிலப் பிள்ளைகளைக் கொண்டு வருவதற்குப் பல மாநிலங்கள் போட்ட கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொண்டன. கடைசி ரயில் 1929-ல் டெக்சாஸுக்குப் போனது.

போனவர்களில் பலர் அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் கூடப் பேசவில்லை. அனாதை என்ற பெயர் அவ்வளவு கூச்சத்தைக் கொடுத்தது. 1980-களில்தான் அவர்களில் மிச்சமிருந்தவர்கள் ஒன்றுகூட ஆரம்பித்தார்கள். எழுபது எண்பது வயதில், சிறு வயதில் பிளாட்பாரத்தில் பிரிந்த அண்ணனையும் அக்காவையும் தேடினார்கள். சிலர் கண்டுபிடித்தார்கள். சிலர் கல்லறையைத்தான் கண்டுபிடித்தார்கள். கான்சாஸ் மாநிலம் கன்கார்டியா என்ற ஊரில், பழைய ரயில் நிலையம் ஒன்றில் இவர்களுக்காக ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தாத்தா எந்த ரயிலில் வந்தார் என்று தேடும் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே பழைய ஆவணங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள்.