விளிம்பின் தொடு உணர்வு

1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கிருந்து துணி போனது. அடிமைகளாக மனிதர்களும் போனார்கள். 1628இல் வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலைச் சுற்றிவருவதை நிறுவிய நூலை மன்னர் முதலாம் சார்லஸுக்குக் காணிக்கையாக்கினார், இதயமே உடலின் அரசன் என்ற உவமையோடு. இரண்டையும் சேர்த்தே வாசிக்கிறேன். மையம் ஆளும், கரையும் குழாய்ச்சுவரும் சரக்கு கடத்திக்கொண்டு சும்மா கிடக்கும்.

இந்தப் பார்வைக்கு ஆயுள் கெட்டி. 1865இல் வில்ஹெல்ம் ஹிஸ், இரத்தக்குழாயின் உட்புறம் ஓரடுக்காகப் படிந்த செல்களுக்கு எண்டோதீலியம் என்று பெயர் வைத்தார். பேர் கிடைத்ததே தவிர மரியாதை கிடைக்கவில்லை. நெடுங்காலம் அது வெறும் தடுப்புத்தாளாகவே எண்ணப்பட்டது.

1978இல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட்டின் உதவியாளர் ஒரு சோதனையின் படிகளை முறைமாற்றிச் செய்தார். சுருங்க வேண்டிய முயல் தமனித்துண்டு தளர்ந்தது. தேடிப்போனபோது தெரிந்தது: உட்பரப்பு உரசி அழிந்த துண்டு தளராது, அழியாததே தளரும். 1980இல் இது வெளியானது. அந்தப் படலம் அடியிலுள்ள தசைக்குச் சேதி அனுப்புகிறது. சேதி நைட்ரிக் ஆக்சைடு. 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகையில் வந்த அதே வாயு. 1998இல் இதற்கு நோபல் பரிசு.

இரத்தம் உரசி இழுக்கும் விசையையும் இச்செல்கள் அறிகின்றன. ஓட்டத்தின் திசையிலேயே நீண்டு படுக்கின்றன. 2010இல் ஆர்டெம் படபூட்டியன் குழு கண்ட பியசோ1 என்ற புரதவாசல், விசை பட்டதும் திறந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது. அதே 2010இல் குரோம்பேட்டை ஏ.யு.–கே.பி.சி. ஆய்வு மையத்தில் சுவ்ரோ சாட்டர்ஜி குழுவினர், ஈர்ப்பு குறைந்தாற்போன்ற நிலையில் இச்செல்கள் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுவதைக் காட்டினார்கள். ஓட்டம் தளர்ந்து முன்னும்பின்னும் அலையும் கிளைமுனைகளில்தான் கொழுப்பு அதிகம் படிகிறது.

இனி காட்டுப்பள்ளி. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் வந்தது. அடுத்து, காட்டுப்பள்ளிக் குப்பத்தைப் பெயர்த்துவிட்டு இன்னொரு துறைமுகம். 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும் கரை இது. அலைத்தடுப்புச் சுவர் அதை மறித்தால் தெற்கே மணல்மேடு, வடக்கே அரிப்பு.

உடம்பும் கரையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. செல்லுக்கு அரசியல் கிடையாது. அதன் வாயில் நம் கோரிக்கையைத் திணிப்பது, ஹார்வி இதயத்தில் அரசனைத் திணித்த அதே வேலை. நான் கேட்பது அறிவைப் பற்றி. விசையை முதலில் அறிவது விசை உரசுகிற இடம்தான். நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்று பேர் வைத்து, வலை இழுபடுவதை வைத்தே “ஓட்டம் மாறிப்போச்சு” என்று சொல்கிறவர்கள் பேச்சு, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ‘ஆட்சேபம்’ ஆகிறதே ஒழிய ‘அளவீடு’ ஆவதில்லை.

படலத்தை உரசி அழித்த பிறகுதான் அதன் வேலை விஞ்ஞானத்துக்கு விளங்கிற்று. கரையோரத்து மக்களை வைத்து அதே சோதனையைச் செய்துபார்க்க யாருக்கும் உரிமை இல்லை.