அப்பா போட்ட கணக்கு

எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளிக்கூடத்தில் எங்கள் கணக்கு வாத்தியார் என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "நீ கதை எழுதத்தான் லாயக்கு" என்பார். அது ஆசீர்வாதமா, சாபமா என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. அப்படிப்பட்ட நான், பந்து பறக்கும் கணக்கைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம் இதுதான்: அந்தக் கணக்குக்குள்ளே ஒரு தகப்பனாரும் ஒரு பிள்ளையும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எறிந்த பொருள் எப்படிப் போகிறது என்ற கேள்வி பழையது. அதற்கு விடை தேட வைத்தது விளையாட்டு அல்ல, யுத்தம். 1537-ஆம் வருஷம் இத்தாலியில் தார்த்தாலியா என்ற கணிதர், பீரங்கியை 45 டிகிரி சாய்த்துச் சுட்டால் குண்டு அதிக தூரம் போகும் என்று புத்தகம் எழுதினார். நூறு வருஷம் கழித்து, 1638-இல், கலீலியோ வந்தார். முன்னே போகும் வேகம் குறையாமல் இருக்கிறது. கீழே விழும் வேகமோ கணத்துக்குக் கணம் கூடுகிறது. இரண்டும் சேர்ந்தால் பரவளைவு என்ற அழகான வளைகோடு பிறக்கிறது என்று காட்டினார். ஆனால் காற்று என்று ஒன்று இருக்கிறதே! அது இந்த வளைகோட்டைக் கெடுத்துவிடும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

இனி ஸ்காட்லாந்துக்குப் போவோம்.

எடின்பரோ சர்வகலாசாலையில் பீட்டர் கத்ரி டெய்ட் என்று ஒரு பௌதிகப் பேராசிரியர் இருந்தார். 1860-இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், நாற்பது வருஷத்துக்கு மேல் அதில் இருந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற தாம்ஸனோடு சேர்ந்து பிரசித்தமான பௌதிக நூல் ஒன்றை எழுதியவர். இவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரு பைத்தியம் உண்டு, கோல்ஃப் பைத்தியம்! விடுமுறை வந்தால் ஸெயிண்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில்தான் இருப்பார். பகல் போதாதென்று, பந்தில் பாஸ்பரஸ் பூசி இருட்டிலும் ஆடிப் பார்த்தாராம். நம் ஊரில் சீட்டாட்டக்காரர்களை வைகிறோமே, பாவம்!

ஆடிக்கொண்டிருந்தவர் மனத்தில் ஒரு சந்தேகம் முளைத்தது. நல்ல ஆட்டக்காரன் அடிக்கும் பந்து 45 டிகிரியில் எழும்புவதில்லை. அதைவிட மிகத் தாழ்வாகவே கிளம்புகிறது. அப்படியானால் சீக்கிரமே தரைக்கு வந்துவிட வேண்டும். வருவதில்லையே! பூமியின் இழுப்பையும் காற்றின் தடையையும் போட்டுக் கணக்குப் பார்த்தால் எவ்வளவு நேரம் வருமோ, அதற்கு மேலேயும் அது ஆகாயத்தில் நிற்கிறது. சில சமயம் முதலில் மேல்நோக்கியே வளைந்து செல்கிறது.

அவருடைய பிள்ளைகளில் ஒருவன் பிரெட்டி. 1870-இல் பிறந்தவன்; ராணுவத்தில் லெப்டினன்ட். 1896-லும் 1898-லும் பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியன். 1893 ஜனவரியில், பனி உறைந்த ஸெயிண்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில், அவன் அடித்த ஒரு பந்து 341 கஜம் சென்றது. அதில் சுமார் 250 கஜம் ஆகாயத்திலேயே! இதை வைத்து ஒரு கதை கிளம்பியது. "பந்து இவ்வளவு தூரத்துக்கு மேல் போகவே முடியாது என்று அப்பா கணக்குப் போட்டார், மறுநாளே பிள்ளை அதைத் தாண்டி அடித்துவிட்டான்" என்று ஊரெல்லாம் சிரித்தார்கள். கதை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. நானே கற்பனை செய்திருந்தால் இதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டேன். ஆனால் உண்மை வேறு. டெய்ட் எல்லை கட்டியது சுழலாத பந்துக்கு. பிள்ளை அடித்த பந்தோ சுழன்றது.

அந்தச் சுழற்சியில்தான் ரகசியம் இருந்தது. ராக்கெட்டைச் சாய்த்து அடித்தால் டென்னிஸ் பந்து வளைந்து போகிறதென்று நியூட்டன் 1672-லேயே குறித்திருந்தார். சுழலும் துப்பாக்கிக் குண்டு பக்கவாட்டில் விலகுவதை ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1740-களில் சோதித்துக் காட்டினார். டெய்ட் இதைக் கோல்ஃப் பந்தில் பொருத்திப் பார்த்தார். பந்தில் ஒரு நீண்ட நாடாவைக் கட்டி, மறுமுனையைப் பிணைத்துவிட்டு, களிமண் இலக்கை நோக்கி அடிக்கச் செய்தார். பிறகு நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணினார். சாய்ந்த மட்டை பட்டதும் பந்து பின்புறமாகச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ளுகிறது; காற்று பந்தை மேலே தூக்குகிறது. பூமி இழுக்க இழுக்கக் காற்று ஏந்திக்கொள்கிறது.

பந்து சுழலவே கூடாது என்பதுதான் டெய்ட் இளமையில் கற்ற ஆட்ட தர்மம். அதற்காகப் பாடுபட்டுப் பழகியிருந்தார். எந்தச் சுழற்சியைக் குற்றம் என்று ஒதுக்கினாரோ, அதுவே பந்தைத் தாங்குகிறது என்று கண்டபோது வயது அறுபது. பிள்ளையோ காரணம் தெரியாமலே அதைச் செய்துகொண்டிருந்தான். ஒருவருக்குக் கணக்குத் தெரியும், கை வரவில்லை. மற்றவனுக்குக் கை வந்தது, கணக்குத் தேவைப்படவில்லை. அநேகமாக எல்லா வீட்டிலும் அப்பாவும் பிள்ளையும் இப்படித்தானே?

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் சிரித்துக்கொண்டே பேனாவை வைத்திருப்பேன்.

1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. பிரெட்டி போனான். டிசம்பரில் மாகர்ஸ்பான்டீன் போரில் குண்டு பட்டுக் காயமடைந்தான். ஆறியதும் திரும்பவும் படையில் சேர்ந்தான். 1900 பிப்ரவரி 7-ஆம் தேதி கூடூஸ்பர்க் என்ற இடத்தில் கொல்லப்பட்டான். வயது முப்பது.

துப்பாக்கிக் குழலின் உள்ளே வரித்தடம் வெட்டி, குண்டைச் சுழலவிட்டுக் குறி தவறாமல் செலுத்தும் வித்தை அப்போது எல்லா ராணுவத்துக்கும் தெரிந்திருந்தது. பந்துக்கும் குண்டுக்கும் சாஸ்திரம் ஒன்றுதான். அது மனிதரைப் பார்த்துச் செயல்படுவதில்லை. இது அந்தத் தகப்பனாருக்குத் தெரியாததா? தெரிந்திருந்து என்ன பயன்?

டெய்ட் 1901-இல் வேலையை விட்டார். அதே வருஷம் ஜூலை 4-ஆம் தேதி காலமானார். பிள்ளை போன பிறகு பதினேழு மாதங்கூட அவர் நிற்கவில்லை.

இப்போதெல்லாம் தெருவில் பையன்கள் பந்தை உயர அடித்தால், நான் அண்ணாந்து பார்க்கிறேன். "ஸார், பந்து உங்கள் வீட்டு மாடியில்!" என்று கத்துகிறார்கள். முன்பெல்லாம் கோபித்துக்கொள்வேன். இப்போது பேசாமல் மாடிக்குப் போய் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.