ஒலியைச் சுருக்கிய வரலாறு

வாயினின்று எழும் சொல்லும் நரம்பினின்று எழும் இசையும் பிறந்த கணத்திலேயே காற்றில் கரைந்து மறைவன. 1877ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் குரலை வெள்ளீயத் தாளில் பதித்து மீண்டும் ஒலிக்கச் செய்தபோது, மறைந்த ஒலியை மீட்கும் வழி மாந்தர்க்குக் கிட்டியது. அன்றுதொட்டு ஒரு நூற்றாண்டுக் காலம், ஒலியை மேலும் மேலும் நுட்பமாகப் பதிவதெப்படி என்பதிலேயே அறிவியலார் கருத்துச் செலுத்தினர். அதன்பின் வேறொரு வினா எழுந்தது. பதிந்த ஒலியில் எதனை விட்டுவிடலாம் என்பதே அவ்வினா. அதற்கு விடை கண்ட வரலாறு கருவிகளின் வரலாறு மட்டுமன்று. மனிதன் தன் செவியின் இயல்பை அறிந்துகொண்ட வரலாறுமாகும்.

1982ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனமும் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் கூடி உருவாக்கிய குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. அதில் ஒலி எண்களாகப் பதியப்பெற்றது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைக் கேட்கவல்லது. அதனைக் குறைவின்றிப் பதிய வேண்டுமாயின், உச்ச அதிர்வின் இருமடங்குக்கு மேற்பட்ட முறை ஒலியை அளந்தாக வேண்டும். ஆதலின் நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் கொண்டு குறித்தனர். இடம், வலம் என்னும் இரு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 1,411,200 பிட் தேவைப்பட்டன. ஐந்து நிமிடப் பாடல் ஒன்று ஏறத்தாழ 53 மெகாபைட் இடத்தைக் கொண்டது. நொடிக்கு 28,800 பிட் மட்டுமே செல்லக்கூடிய தொலைபேசி இணைப்பு வழியே அப்பாடலை அனுப்ப நான்கு மணி நேரம் போதாது.

தொலைபேசிக் கம்பி வழியே நல்லிசையை அனுப்ப வேண்டும் என்று முயன்றவர், ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டீட்டர் சைட்சர். அஃது இயலாத செயல் என்று கூறி அவருக்குக் காப்புரிமை மறுக்கப்பட்டது. அவர் மனந்தளரவில்லை. கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்னும் மாணவரிடம் அச்சிக்கலை ஆராயுமாறு ஒப்படைத்தார். அம்மாணவர் அதனையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டு 1989ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

அவ்வாய்வுக்கு அடிப்படையாய் அமைந்தது செவியின் ஒரு குறைபாடே எனலாம். பெருமுழவு அதிரும்போது அருகில் முணுமுணுப்பவரின் குரல் கேட்பதில்லை. அஃது ஒலிக்காமல் இல்லை. ஒலித்தும் செவிக்கு எட்டுவதில்லை. ஓர் ஓங்கிய ஒலி, தன் சுருதியை ஒட்டிய மெல்லொலிகளை மறைக்கிறது. தனக்குப் பின்னும், மிகச் சிறிதளவு தனக்கு முன்னும் எழும் ஒலிகளையும் மறைக்கிறது. செவியின் இவ்வியல்பை ஜெர்மானிய அறிஞர் எபர்ஹார்ட் சுவிக்கர் முறையாக அளந்து கூறியிருந்தார். மறைந்துபோகும் ஒலிக்கு எதற்காக இடம் ஒதுக்க வேண்டும்? ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து, செவி தெளிவாய் உணரும் பகுதிக்கு மிகுந்த பிட்டுகளும், மறைந்துபோகும் பகுதிக்குக் குறைந்த பிட்டுகளும் வழங்குவதே புதிய முறையாயிற்று.

கொள்கை எளிது; செயலோ அரிது. பல்லியம் முழங்கும் இசையில் நன்கு தேறிய அம்முறை, ஒற்றைக் குரலின்முன் தோற்றது. சூசன் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி பக்க இசை ஏதுமின்றிப் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாடலைப் பிராண்டன்பர்க் சுருக்கிப் பார்த்தபோது, குரல் கரகரத்துச் சிதைந்து ஒலித்தது. பல கருவிகள் ஒலிக்குமிடத்தில் ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்கும். தனிக்குரலில் மறைப்பதற்கு எதுவுமில்லை. அப்பாடலை அவர் எண்ணற்ற முறை கேட்டுக் கேட்டுத் தம் முறையைத் திருத்தினார். எந்த இயந்திரமும் காட்டாத பிழையை மனிதக் குரல் காட்டிக்கொடுத்தது.

1988ஆம் ஆண்டில் அமைந்த எம்பெக் என்னும் அனைத்துலக வல்லுநர் குழு, ஒலிச் சுருக்கத்திற்கான தரத்தை 1992ஆம் ஆண்டில் முடித்து அடுத்த ஆண்டில் வெளியிட்டது. அதில் மூன்று அடுக்குகள் இருந்தன. எளிமையான இரண்டாம் அடுக்கை வானொலித் துறை ஏற்றது. பிராண்டன்பர்க் குழுவினர் உழைத்த மூன்றாம் அடுக்குக்கு 1995ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் 'எம்பி3' என்னும் கோப்புப் பெயர் வாய்த்தது. நொடிக்கு 128,000 பிட் அளவில் அதே ஐந்து நிமிடப் பாடல் 4.8 மெகாபைட்டாகச் சுருங்கிற்று. முன் கண்ட இணைப்பில் 22 நிமிடங்களில் வந்துசேர்ந்தது.

பின்வந்த முறைகள் எம்பி3இன் குறைகளைக் களைந்தன. 1997ஆம் ஆண்டில் தரமான ஏஏசி, அதே அளவுக் கோப்பில் பெரும்பாலும் கூடுதல் தெளிவு தந்தது. எம்பி3க்கு உரிமக் கட்டணம் கேட்கப்பட்டதால், கட்டணமற்ற வோர்பிஸ் உருவாகி 2002ஆம் ஆண்டில் முழுவடிவம் பெற்றது. 2012ஆம் ஆண்டில் வந்த ஓபஸ், உரையாடலுக்கும் இசைக்கும் ஒருங்கே பொருந்தியது. எம்பி3க்கான உரிமத் திட்டமும் 2017ஆம் ஆண்டில் முடிவுற்றது. இவற்றை ஒப்பிடுவோர், எந்தக் கோப்பு ஒலிக்கிறது என்பதைக் கேட்பவர் அறியாதவாறு சோதிப்பர். பெயரை அறிந்தால் செவி நடுநிலை தவறும். நொடிக்கு 64,000 பிட்டில் எம்பி3இன் குறை எளிதில் புலப்படும். 128,000 பிட்டில் பழகிய செவி கண்டுகொள்ளும். 256,000 பிட்டை எட்டும்போது மூலத்தையும் சுருக்கத்தையும் வேறுபடுத்துவது பெரும்பாலோர்க்கு அரிது.

இவற்றினின்று வேறுபட்டது 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபிளாக். எம்பி3 முதலியன, நீண்ட உரைப்பகுதியைச் சுருக்கி வரைதல் போன்றவை. சுருக்கத்தினின்று மூலத்தை எவராலும் மீட்டெழுத முடியாது. ஃபிளாக்கோ சுருக்கெழுத்துப் போன்றது. குறைந்த இடத்தில் அடங்கினும் ஒரு சொல்லும் விடுபடாமல் மீண்டும் விரிக்கலாம். அதற்கு விலையும் உண்டு. அதன் கோப்பு, குறுந்தட்டின் அளவில் ஏறத்தாழப் பாதிக்கு மேல் சுருங்குவது அரிது. எம்பி3ஐ ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பெருக்குமேயன்றி, இழந்த ஒலி திரும்பாது. ஒரு சுருக்கத்தை மீண்டும் வேறொரு முறையில் சுருக்கினால் இழப்பின்மேல் இழப்பே மிஞ்சும்.

ஆதலின் எது சிறந்தது என்னும் வினாவிற்கு விடை, எதற்காக என்னும் வினாவில் அடங்கியுள்ளது. அன்றாடம் கேட்டு மகிழவும் பிறர்க்கு அனுப்பவும் சிறுத்த கோப்பே போதும். முதியோர் ஒருவரின் நாட்டுப்பாடலையோ, ஒரு சான்றோரின் உரையையோ வருங்காலத்திற்கெனப் பதிவோர், மூலத்தைக் குறையாமல் காத்து, அதன் படியை மட்டுமே சுருக்குதல் வேண்டும். இன்றைய செவிக்குத் தேவையில்லை என்று விட்டது நாளைய ஆய்வுக்குத் தேவைப்படலாம். பாடியவர் மறைந்தபின் அவ்வொலியை மீண்டும் பெறுவார் எவருமிலர்.