புதுவீடு என்னும் கோட்டை: ஹவியேர் யாத்திரைத் தலமான வரலாறு

வட ஸ்பெயினில், நவார் நாட்டுக்கும் அரகோனுக்கும் இடையிலான பழைய எல்லையில் ஹவியேர் என்னும் சிற்றூர் இருக்கிறது. குடியிருப்போர் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஊர்ப்பெயர் 'புதுவீடு' எனப் பொருள்படும் பாஸ்க் மொழித் தொடரின் திரிபு. அதுவே போர்ச்சுக்கீசியர் வாயில் 'ஷவியேர்' ஆகி, தமிழ்க் கடற்கரையில் 'சவேரியார்' ஆயிற்று. முத்துக்குளித்துறை ஊர்களில் சவரிமுத்து என்று அழைக்கப்படுபவர்கள் சுமப்பது, மூலத்தில் ஒரு வீட்டின் பெயரை.

அந்த வீடு எழுந்தது காவலுக்காக. நடுவிலுள்ள கோபுரம் 10ஆம் நூற்றாண்டளவில் எல்லையைக் கண்காணிக்கக் கட்டப்பட்டது. மதில்களும் குடியிருப்புப் பகுதிகளும் அதைச் சுற்றிப் பின்னர் வளர்ந்தன. 1223இல் அரகோன் பிரபு ஒருவர் வாங்கிய கடனுக்கு ஈடாகக் கோட்டை நவார் மன்னர் ஏழாம் சாஞ்சோவின் கைக்கு வந்தது. மீட்கப்படாத அந்த அடைமானத்தை 1236இல் நவார் மன்னர் முதலாம் தியோபால்டு, சாதா குடும்பத்துக்கு வழங்கினார். திருமண உறவுகளின் வழியாகக் கைமாறி வந்த கோட்டை, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரியா தெ அஸ்பில்குவேத்தாவுக்கும் அவர் கணவர் ஹுவான் தெ ஹாசோவுக்கும் உரியதாயிற்று. ஹாசோ நவார் அரசவையின் தலைவர். இவர்களின் கடைக்குட்டி, பின்னாளில் புனித சவேரியார் எனப்பட்ட பிரான்சிஸ், பிறந்தது 1506 ஏப்ரல் 7 அன்று.

1512இல் அரகோன் மன்னர் பெர்டினாந்து நவாரைக் கைப்பற்றினார். ஹாசோ 1515இல் இறந்தார். இழந்த அரசை மீட்க மறு ஆண்டு நடந்த முயற்சி தோற்றதும், நவார்க் கோட்டைகளை இடிக்க, ஆட்சிப் பொறுப்பிலிருந்த கர்தினால் சிஸ்னேரோஸ் ஆணையிட்டார். ஹவியேரின் மதில்கள் சரிந்தன, அகழி தூர்க்கப்பட்டது, கோபுரம் பாதி உயரத்துக்குக் குறைக்கப்பட்டது. வீட்டின் குடியிருப்புப் பகுதி மட்டும் தப்பியது. பத்து வயதுப் பிரான்சிஸ் வளர்ந்தது இந்தச் சிதைவுக்குள்தான். அவருடைய அண்ணன்மார் இருவர் நவார் மன்னருக்காகத் தொடர்ந்து போரிட்டார்கள்; 1521 பம்ப்லோனா சண்டையில் எதிர்த்தரப்பில் காயமுற்றவர், பின்னர் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். பின்னாளில் பாரிசில் பிரான்சிஸைத் தன் வழிக்குத் திருப்பியவர் அவரே என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

1525இல் பாரிசுக்குப் படிக்கச் சென்ற பிரான்சிஸ் பிறந்த வீட்டை மீண்டும் பார்க்கவில்லை. மறைப்பணிக்காக 1542 மே மாதம் கோவா வந்தவர், அந்த ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரதவரிடம் சென்றார். தமிழறிந்தோர் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து கற்பித்தார். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். உடல் கோவாவில் அடங்கியது. ஆக, ஹவியேரில் கல்லறை கிடையாது. பெரும்பாலான யாத்திரைத் தலங்களுக்கு இருக்கும் ஆதாரம் இந்த ஊருக்கு இல்லை. இருப்பவை அவர் திருமுழுக்குப் பெற்ற தொட்டியும், கோட்டைச் சிற்றாலயத்திலுள்ள புன்னகைக்கும் மரச்சிலுவை இயேசுவும். பிரான்சிஸ் இறந்த வேளையில் அந்த உருவில் இரத்தம் வியர்த்தது என்பது மரபுக் கதை. அதைச் சூழ்ந்த சுவர்களில் எலும்புக்கூடுகளின் சாவு நடனம் தீட்டப்பட்டுள்ளது. புன்னகையும் சாவும் ஒரே சிற்றறையில் எதிரெதிராக நிற்பதே கோட்டையின் மிக ஆழமான காட்சி.

1622இல் புனிதர் பட்டம் கிடைத்ததும் நவாரில் வழக்கு எழுந்தது: காவல் புனிதர் யார், பழைய புனிதர் பெர்மினா, புதியவர் சவேரியாரா? 1657இல் திருத்தந்தை ஏழாம் அலெக்சாந்தர் இருவரையும் சமநிலையில் அறிவித்து அதை முடித்துவைத்தார். ஆனால் மாகாணம் முழுவதும் கோட்டையை நோக்கி நடக்கும் வழக்கம் உருவாக இன்னும் இரு நூற்றாண்டுகள் ஆயின. 1885இன் காலரா தணிந்ததற்கு நன்றி கூறி 1886 மார்ச்சில் பெருந்திரள் ஹவியேருக்கு வந்தது. இன்று தொன்மையானதாகத் தோன்றும் யாத்திரையின் நேரடி மூலம் அதுவே.

கோட்டையின் இன்றைய தோற்றமும் அக்காலத்ததே. வில்லஹெர்மோசா சீமாட்டி 1892இல் சீரமைப்பைத் தொடங்கினார்; சிஸ்னேரோஸ் குறைத்த கோபுரம் மீண்டும் உயர்ந்தது. அருகில் எழுந்த பேராலயம் 1901இல் நிறைவுற்றது. பிரான்சிஸ் பிறந்ததாகக் கருதப்படும் மாளிகைப் பகுதி நின்ற இடம் அது. நினைவுக்கு இடம் தர, நினைவின் மூலப்பொருளே இடம்விட்டது. முழுமையான இடைக்காலக் கோட்டையைக் கண்டதாக எண்ணித் திரும்பும் பயணி பார்ப்பதில் பெரும்பகுதி, பிரான்சிஸ் பார்த்திராதது.

யாத்திரைக்கு இன்றைய ஒழுங்கு 1940இல் அமைந்தது. உள்நாட்டுப் போரில் பிராங்கோ பக்கம் நின்ற நவார் வீரர்களின் சகோதரத்துவச் சங்கம் அதை நடத்தியது. தொடக்க நடைகளில் பக்தியோடு போர் நினைவும் கலந்திருந்தது. ஆண்களும் பெண்களும் வெவ்வேறு நாள்களில் நடந்தனர். பின்னர் அந்தப் பிரிவும் படைக்கோலமும் தேய்ந்தன. புனிதருக்கான நவநாள் மார்ச் 4 முதல் 12 வரை நடைபெறும். அதையொட்டிய வார இறுதிகளில் ஆயிரக்கணக்கானோர் புறப்படுகிறார்கள். பம்ப்லோனாவிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் நடப்போர் உண்டு. இளைஞர்கள் இரவிலும் நடப்பார்கள். சாந்தியாகோ பாதையிலுள்ள சங்குவேசாவில் கூடி, எஞ்சிய சுமார் 8 கிலோமீட்டரைச் சிலுவைப் பாதைத் தியானத்துடன் கடப்பது வழக்கம். திருப்பலி நடப்பது ஆலயத்துக்குள் அல்ல. அங்கே இத்தனை பேர் கொள்ளாது. கோட்டைக்கு முன்னுள்ள திறந்தவெளியில் நடக்கிறது.