ஏசி போட்டா கியர் உதறுதா? (1939-ல் ஆரம்பித்த சங்காத்தம்)

"கியர்பாக்ஸ் போச்சு, 2400 டாலர் ஆகும்" என்று மெக்கானிக் சொன்னபோது எனக்கு மயக்கம் வராத குறைதான். காரை வாங்கினதே 1800 டாலருக்கு! எனக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. ஏசி போட்டு சிக்னல்ல நின்னா வண்டி மொத்தமும் உதறும், கிளம்பினா 'டக்'குனு ஒரு வெட்டு. ஏசியை அணைச்சா பரம சாது. ஏசிக்கும் கியருக்கும் என்னய்யா சங்காத்தம்னு தேடப்போய் ஒரு குட்டி சரித்திரமே கிடைச்சுது மக்களே.

ரெண்டும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். 1939 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ், கிளட்ச் மிதியே இல்லாத 'ஹைட்ரா-மேட்டிக்' கியர்பாக்ஸை 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலுக்குக் கொண்டு வந்தது. பெருமளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். அடுத்த மாசமே சிகாகோ கண்காட்சியில் பேக்கார்ட் கம்பெனி ஏசி வைத்த காரைக் காட்டியது. அந்த ஏசியில் கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது. குளிர் போதும்னா எஞ்சினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழட்டணும்! 1941 மாடல் காடிலாக்கில் ரெண்டையுமே கேட்டு வாங்க முடிந்தது. ஒரே எஞ்சின், ரெண்டு பாரம்.

ஆட்டோமேட்டிக் கியருக்குக் கண் கிடையாது. எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்குதுன்னு யாராவது சொன்னால்தான் எப்போது கியர் மாத்தணும்னு அதுக்குத் தெரியும். ஹைட்ரா-மேட்டிக்கில் ஆக்சிலேட்டரோடு இணைந்த கம்பி சேதி சொன்னது. 1964-ல் வந்த டர்போ ஹைட்ரா-மேட்டிக் 400-ல் அந்த வேலை ஒரு சின்னக் குழாய்க்குப் போனது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையை அது கியர்பாக்ஸுக்குக் காட்டும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உறிஞ்சல் குறையும், 'ஓஹோ, பாரம் ஜாஸ்தி'ன்னு கியர் தாமதமா மாறும்.

வேடிக்கை என்னன்னா, அந்தக் கால அமெரிக்கக் கார்கள் பலவற்றில் ஏசிக் காற்றைத் திருப்பும் கதவுகளை அசைத்ததும் அதே உறிஞ்சல்தான். ஏசிப் பக்கம் ஒரு ரப்பர் குழாய் வெடித்துப் பெரிசா கசிந்தால், குளிர்காற்று முகத்துக்கு வராமல் முன்கண்ணாடிக்குப் போகும். கூடவே கியரும் லேட்டா, முரட்டுத்தனமா மாறும். கியர்பாக்ஸ் மேல் ஒரு தப்பும் இருக்காது. 1969-லேயே அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஏசி இருந்தது. அநியாயமா எத்தனை கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டாங்களோ!

உண்மையிலேயே ஏசி கியருக்குக் கெடுதல் செய்யும் இடமும் உண்டு. ஏசியின் கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிக்குது. பல கார்களில் கியர் ஆயில் குளிர்வது ரேடியேட்டருக்குள். கண்டன்சர் கக்குற சூடு ரேடியேட்டருக்கு, அங்கிருந்து ஆயிலுக்கு. ரேடியேட்டர் அடைச்சிருந்தா ஆயில் கருகும், கியர் வழுக்கும்.

அப்புறம் கம்ப்யூட்டர் காலம். 1996 முதல் அமெரிக்காவில் புதுக் கார்கள் எல்லாம் கோளாறை ஒரே மாதிரி குறியீட்டில் சொல்லணும்னு (ஓபிடி-2) கட்டாயம். இந்தக் கார்களில் கம்ப்ரஸர் ஓடும்போது எஞ்சின் அமுங்கிடாம இருக்க, கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் காற்று விடும். முழுசா மிதிச்சா கம்ப்ரஸரையே சற்று நேரம் வெட்டிவிடும்.

இதைப் படிச்சதும் பொறி தட்டியது. ஏசியைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்துப் பார்த்தேன். அப்பவும் உதறல்! கியரே சேராதபோதும் உதறினா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது எஞ்சினைத்தானே? திறந்து பார்த்தா, அந்தக் கூடுதல் காற்று போகிற வால்வு முழுக்கக் கரி. 9 டாலர் ஸ்ப்ரே, அரை மணி நேரம். உதறலும் போச்சு, வெட்டும் போச்சு.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமா முடியாது. ஏசி இல்லாமலும் கியர் வழுக்கினாலோ, ஆயில் கருகின வாடை அடிச்சாலோ நிஜமாவே செலவுதான். ஆனா கியர்பாக்ஸுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன்னாடி, ஏசி பட்டனையும் நியூட்ரலையும் ஒருதரம் மாத்தி மாத்திப் பார்த்துடுங்க. பேக்கார்ட் ஆளுங்க பெல்ட்டைக் கழட்டித்தான் பார்த்திருக்கணும். நமக்கு ஒரு பட்டன் போதும்.